துருவுக்கல்ல, ஓட்டைக்குத்தான் வாரண்டி: டொயோட்டா பிக்கப் சேசிஸ் அரிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் டொயோட்டா வண்டி வாங்கினால் கூடவே வரும் வாரண்டி புத்தகத்தில் துருவுக்கு 5 வருடம், மைல் கணக்கு இல்லை என்று இருக்கும். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் 12 வருடம் தருகிறது. மெர்சிடிஸ், தன் சர்வீஸ் சென்டரிலேயே தவறாமல் சர்வீஸ் பார்த்தால் 30 வருடம் வரை என்றது. வருடக் கணக்கைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம். அதே பக்கத்தில் இரண்டு நிபந்தனைகள் உட்கார்ந்திருக்கும். துருப்பிடிப்பது பாடித் தகடாக இருக்க வேண்டும். அது உள்ளேயிருந்து அரித்து, தகட்டைத் துளைத்து ஓட்டையாகியிருக்க வேண்டும். மேல்துரு, கல்லடி பட்ட இடத்துத் துரு, பெயிண்ட் கொப்புளம், சேசிஸ் துரு எதுவும் இந்த வாரண்டிக்குள் வராது.

டொயோட்டாவின் டகோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளில் நடந்ததைப் பார்த்தால் இந்த நிபந்தனைகள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன, எப்போது தளர்கின்றன என்பது விளங்கும். அங்கே அழுகியது பாடி அல்ல, பாடியைத் தாங்கும் சேசிஸ். புத்தகத்திலுள்ள துரு வாரண்டியை மட்டும் காட்டியிருந்தால் ஒருவருக்கும் ஒரு டாலர் கிடைத்திருக்காது.

நடந்தது என்ன

2008 மார்ச்சில் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்களுக்கு ஒரு சிறப்புத் திட்டத்தை அறிவித்தது. இந்த வண்டிகளின் சேசிஸுக்குப் போதுமான துருத் தடுப்பு இல்லாமல் போயிருக்கலாம் என்று நிறுவனமே ஒத்துக்கொண்டது. சேசிஸ் அரிப்புக்கு, வண்டி முதலில் சாலைக்கு வந்த நாளிலிருந்து 15 வருடம், மைல் வரம்பே இல்லாமல் வாரண்டி நீட்டிக்கப்பட்டது. ஓட்டை விழுந்த வண்டியை, கெல்லி புளூ புக் விலைப் பட்டியலில் போட்டிருந்த விலையைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்து டொயோட்டாவே திரும்ப எடுத்துக்கொண்டது. பத்து வருடம் ஓட்டிய வண்டிக்குச் சந்தை விலையைவிட அதிகம் கிடைத்தது. பிறகு 2001 முதல் 2004 வரையிலான மாடல்களும் சேர்க்கப்பட்டன. இந்த சேசிஸ்களைச் செய்து கொடுத்தது டானா என்ற உதிரிபாக நிறுவனம். 1995–2000 டகோமா கணக்கைத் தீர்க்க அது 2011இல் டொயோட்டாவுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்தது.

இதற்கிடையே 2009 நவம்பரில் டன்ட்ராவிலும் பிரச்சினை வெடித்தது. 2000 முதல் 2003 வரையிலான மாடல்களில் பின்பக்க கிராஸ் மெம்பர் (சேசிஸின் இரண்டு பக்கத்தையும் குறுக்கே இணைக்கும் இரும்பு) அரித்து, அதில் தொங்கும் ஸ்டெப்னி நடுரோட்டில் கழன்று விழும் அபாயம் இருந்தது. பின் பிரேக் பைப்புகளும் அதே இரும்பை ஒட்டித்தான் போகின்றன. பனி உருகச் சாலையில் உப்புப் போடும் 20 குளிர் மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பதிவான சுமார் 1,10,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இது வாரண்டி அல்ல, பாதுகாப்பு ரீகால். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கோரிக்கை எழுதும்போது மிக முக்கியம். கீழே வருகிறேன்.

மூன்றாவது கட்டம்தான் பெரியது. 2005–2010 டகோமா, 2007–2008 டன்ட்ரா, 2005–2008 செக்வோயா என்று ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்கள் சார்பில் கலிஃபோர்னியாவின் மத்திய மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு. தவறு செய்ததாக டொயோட்டா ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 2016 கடைசியில் சமரசத்துக்கு வந்தது. மறு வருடம் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் தந்தது. செய்திகளில் அடிபட்ட "340 கோடி டாலர்" என்பது யாருக்கும் கொடுத்த காசோலை அல்ல. ஒரு சேசிஸ் மாற்ற ஏறத்தாழ 15,000 டாலர், ஒரு பரிசோதனைக்கு 60 டாலர் என்று வைத்து, எத்தனை வண்டி வரக்கூடும் என்று பெருக்கிப் பார்த்த உச்ச மதிப்பீடு அது. உரிமையாளருக்குக் கிடைத்தது இலவசப் பரிசோதனை. ஓட்டை இருந்தால் புது சேசிஸ். ஏற்கெனவே சொந்தக் காசில் மாற்றியிருந்தால் பில்லைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். கெடு, முதல் விற்பனையிலிருந்து 12 வருடம். அந்தக் கெடு முன்பே முடிந்துவிடும் பழைய வண்டிகளுக்கு, இறுதி உத்தரவுக்குப் பின் ஒரு வருடம்.

சேசிஸ் ஏன் உள்ளேயிருந்து அழுகியது

டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வண்டி ஓட்டும் நம்மவர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை சாலையில் கொட்டும் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண உப்போடு இப்போது கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களும் தெளிக்கிறார்கள். கடுங்குளிரிலும் அவை பனியை உருக்கும். கெடுதல் என்னவென்றால் அவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாலை காய்ந்தாலும் வண்டியின் அடிப்பகுதி காயாது. அந்த வண்டியைக் கதகதப்பான கராஜில் நிறுத்தினால் இன்னும் மோசம். வெளியே உறைநிலைக்குக் கீழே மந்தமாக நடந்துகொண்டிருந்த அரிப்பு, உள்ளே சூட்டில் வேகமெடுக்கும். வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்தும் துரு வந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

பெட்டி வடிவ சேசிஸ் முறுக்கு தாங்கும், எடை குறைவு. ஆனால் அதன் உள்பக்கத்தை யாரும் கழுவ முடியாது. தண்ணீர் வடிய அடியில் துளைகள் உண்டு. சேறும் உப்பும் கலந்து அந்தத் துளையில் களிமண் மாதிரி அடைத்துவிட்டால் பெட்டி ஒரு நீண்ட தொட்டியாகிவிடுகிறது. வலுவுக்காக ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து ஓரத்தில் மட்டும் வெல்ட் அடித்த இடங்களும் அப்படித்தான். இரண்டு தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். பெயிண்ட் உள்ளே எட்டாது, உப்புத் தண்ணீர் எட்டும். வெல்டிங் சூடு பட்ட ஓரத்திலும், வெட்டிய தகட்டின் கூர் விளிம்பிலும் பெயிண்ட் மெலிந்தே படியும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் பொருள். ஆகவே இடைவெளியில் துரு பிடித்தால் அது மேல் தகட்டையே நெம்பித் தூக்கிப் பொருக்குப் பொருக்காக உரிக்கும்.

பின்பக்க பட்டை ஸ்பிரிங்கின் முன் பிராக்கெட், பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், முன்பக்க லோயர் ஆர்ம் பிடிமானங்கள், ஸ்டெப்னி தொங்கும் கிராஸ் மெம்பர். டயர் வாரியடிக்கும் சேறு தேங்கும் இடங்கள் இவை. முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதும் இங்கேதான்.

சுத்தியல் சோதனை

பரிசோதனை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. துரு வாரண்டி கோரிக்கை எல்லாமே கடைசியில் ஒரு மெக்கானிக் லிஃப்டுக்கு அடியில் நின்று எடுக்கும் முடிவில்தான் வந்து நிற்கிறது.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஸ்டெப்னியை இறக்கி, பொருக்கையும் சேற்றையும் தட்டிவிடுவார்கள். பிறகு சேசிஸ் நீளத்துக்கும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இரும்பு மணியடித்த மாதிரி கணீரென்று கேட்கும். மெலிந்த இடம் சொத சொதவென்று சத்தமில்லாமல் அமுங்கும், அல்லது சுத்தியல் முனை உள்ளே போய்விடும். அப்படி விழுந்த ஓட்டையின் குறுக்களவை அளப்பார்கள். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் சேசிஸ் மாற்றம். 7 மி.மீ. என்றால் இல்லை. ஒரே இடத்தில் பத்து சின்னத் துளைகள் இருந்தாலும் அதே பதில்தான். தொழிற்சாலையில் போட்ட வடிகால் துளை கணக்கில் வராது. அது அரித்துப் பெரிதாகியிருந்தால் அரித்த பகுதியைத் தனியாகக் காட்ட வேண்டும்.

ஓட்டை இல்லாமல் வந்த வண்டிகளுக்கு, உப்புப் போடும் மாநிலங்களில், துருத் தடுப்புப் பூச்சு இலவசமாக அடித்துக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஊடுருவிப் போக மெல்லியதாக ஒன்று, வெளியே பூச கெட்டியாக ஒன்று. இங்கே பல உரிமையாளர்கள் ஏமாந்தார்கள். பூச்சு அடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 12 வருடக் கெடுவுக்குள் மறுபடியும் பரிசோதனைக்குப் போக உரிமை இருந்தது. அரித்த தகட்டின் மேல் அடித்த கறுப்புப் பூச்சு ஓட்டையை மறைக்கும், நிறுத்தாது. பதினோராவது வருடத்தில் ஒருமுறை லிஃப்டில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

சாதாரணக் காரின் பாடித் துருவுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

மேலே சொன்ன திட்டங்களின் கெடு எல்லாம் முடிந்துவிட்டது. இன்று பெரும்பாலானவர்களுக்கு வருவது பாடித் தகட்டுக் கோரிக்கை. பின் வீல் ஆர்ச்சின் உதடு, கதவுக்குக் கீழே ஓடும் சில், கதவின் அடி மடிப்பு, டிக்கிக் கதவில் நம்பர் பிளேட் விளக்கைச் சுற்றிய இடம். எல்லாமே ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை மடித்து அமுக்கிய இடங்கள். மடிப்பின் மேல் பூசிய சீலர் வெடித்தால் தண்ணீர் உள்ளே நிற்கும். வெளியே முதலில் தெரிவது ஒரு பெயிண்ட் கொப்புளம்.

கொப்புளத்தைப் பார்த்ததும் ஷோரூமுக்கு ஓடினால் "ஓட்டை இல்லையே" என்பார்கள். ஓட்டை விழும் வரை காத்திருந்தால் கெடு தாண்டிவிடும், அல்லது "முன்னமே காட்டியிருக்கலாமே, கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்" என்பார்கள். இரண்டு பக்கமும் அடி விழும். இதற்கு ஒரே வழி, கொப்புளம் தெரிந்த அன்றே வண்டியைக் காட்டி, சர்வீஸ் ஜாப் கார்டில் "வலது பின் வீல் ஆர்ச்சில் உள்ளிருந்து கிளம்பிய கொப்புளம், கல்லடி அடையாளம் இல்லை" என்று தேதி, மைல் கணக்கோடு எழுத வைப்பது. அன்றைக்கு இலவச வேலை கிடைக்காது. ஒன்றரை வருடம் கழித்து ஓட்டை விழும்போது, துரு வாரண்டி காலத்துக்குள்ளேயே உள்ளிருந்து தொடங்கியது என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி கையில் இருக்கும்.

கொப்புளத்தை ஸ்குரு டிரைவரால் குத்திப் பார்க்கக் கூடாது. சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து டச்சப் அடிக்கக் கூடாது. இரண்டுமே வெளிச்சேதம் என்ற பதிலை அவர்கள் வாயில் எடுத்துக் கொடுப்பதாகும். உள்பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் சில்லில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, அந்த வழியாகக் கேமரா ஒயரை விட்டுப் படம் எடுக்கலாம். மொபைலில் செருகும் மலிவான போரோஸ்கோப் போதும். வெளியே பட்டாணி அளவு கொப்புளம், உள்ளே கையகலத்துக்குப் பொருக்கு என்று ஒரு படத்தில் தெரிந்தால் "கல்லடி" என்ற வாதம் நிற்காது.

ஆய்வாளர் கொண்டுவரும் முக்கியக் கருவி பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200 தாண்டினால் மறுபடி பெயிண்ட் அடித்தது என்ற சந்தேகம். ஆயிரத்துக்கு மேல் காட்டினால் உள்ளே பட்டி போட்டிருக்கிறார்கள். டிங்கரிங் பார்த்த தகட்டுக்குத் துரு வாரண்டி அங்கேயே முடிந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கோரிக்கை போடுவதற்கு முன் இந்த மீட்டரை வாடகைக்காவது வாங்கிச் சுற்றிலும் வைத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பக்கத்துத் தகடும் எதிர்ப்பக்கத் தகடும் ஒரே அளவு காட்டினால் அந்த எண்களைக் குறித்துக் கோரிக்கையோடு சேர்க்கலாம்.

ஐரோப்பிய நிறுவனங்களில் இன்னொரு கண்ணி உண்டு. ஆண்டுதோறும் பாடி பரிசோதனை செய்து சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்று பல வாரண்டிகள் கேட்கும். ஆயில் சர்வீஸ் முத்திரை வேறு, பாடி முத்திரை வேறு. ஒரு வருடம் விடுபட்டாலும் மறுக்கக் காரணமாகிவிடும். சர்வீஸ் விட்ட அன்றே அந்தக் கட்டத்தில் முத்திரை விழுந்ததா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். அமெரிக்காவில் நிலைமை கொஞ்சம் சாதகம். 1975ஆம் வருடத்து மாக்னுசன்–மாஸ் சட்டப்படி, இலவசமாகத் தராத சர்வீஸைத் தன்னிடமே செய்ய வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. வெளியே சர்வீஸ் பார்த்தீர்கள் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுத்தால் இந்தச் சட்டத்தைச் சொல்லி எழுதலாம்.

வெளியில் அடித்த அண்டர்கோட்டிங்கும் சில நேரம் எதிரியாகிறது. கெட்டியான தார்ப் பூச்சு வடிகால் துளையை அடைத்திருந்தால் அதுவே காரணம் என்று முடித்துவிடுவார்கள், பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ரன்னிங் போர்டு, டோ பார் மாட்ட போட்ட டிரில் ஓட்டையைச் சுற்றிய துருவுக்கும் யாரிடமும் கேட்க முடியாது.

கோரிக்கை எழுதுவது

டீலர் முடிவெடுப்பதில்லை. படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. அதனால் டீலரிடம் வாயால் கேட்டு "கிடையாது" என்ற பதிலோடு திரும்புவது கோரிக்கையே அல்ல. நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரே பக்கத்தில் எழுத்தில் போக வேண்டும். சேசிஸ் நம்பர், முதல் பதிவுத் தேதி, இன்றைய மைல், எந்தத் தகடு, ஓட்டை எத்தனை மி.மீ., முதலில் எப்போது யாரிடம் காட்டப்பட்டது, வாரண்டி புத்தகத்தின் எந்தப் பிரிவு, என்ன செய்து தர வேண்டும். இவ்வளவுதான். படங்களில் ஒன்று நம்பர் பிளேட்டோடு முழு வண்டி, ஒன்று ஓடோமீட்டர், பிறகு ஸ்கேல் வைத்த ஓட்டை. தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று. வண்டி எவ்வளவு ஆசையாக வாங்கியது என்பதை எழுதினால் அந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார்கள்.

மறுப்பு வந்தால் காரணத்தையும் ஆய்வு அறிக்கையின் நகலையும் எழுத்தில் கேட்க வேண்டும். கெடு தாண்டியிருந்தால் "நல்லெண்ண உதவி" என்று தனியாகக் கேளுங்கள். சர்வீஸ் வரலாறு ஒழுங்காக இருந்தால் உதிரிபாகத்தை நிறுவனமும் கூலியை உரிமையாளரும் ஏற்கும்படி முடிவதுண்டு. பிரிட்டனில் மோட்டார் ஆம்புட்ஸ்மன் திட்டத்தில் சேர்ந்த நிறுவனம் என்றால் அங்கே இலவசமாக முறையிடலாம்.

ரீகாலுக்கும் வாரண்டிக்கும் உள்ள வித்தியாசம் பயன்படுவது இங்கேதான். துரு பிடித்தது வீல் ஆர்ச் என்றால் அது பணப் பிரச்சினை. பிரேக் பைப், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பிடிமானம், சீட் பெல்ட் ஆங்கர், எரிபொருள் டேங்க் பட்டை என்றால் பாதுகாப்புப் பிரச்சினை, வாரண்டிக் கெடு முடிந்திருந்தாலும் பேச இடமுண்டு. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.விடம் யார் வேண்டுமானாலும் இணையத்தில் புகார் பதியலாம். ஒரு புகாரால் எதுவும் நடக்காது. ஒரே இடத்தைக் குறிப்பிடும் புகார்கள் சேரும்போதுதான் விசாரணை தொடங்கும். ஆகவே "சேசிஸ் துரு" என்று பொதுவாக எழுதாமல் "ஸ்டெப்னி கிராஸ் மெம்பர், வலது முனை" என்று இடத்தைச் சொல்லி எழுத வேண்டும்.

வேலை முடிந்து வண்டி வரும்போது

சேசிஸ் மாற்றுவது என்றால் கேபினையும் பின் பெட்டியையும் தூக்கி, எஞ்சின், கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன் அத்தனையையும் புது இரும்புக்கு மாற்றுவது. துருப்பிடித்த போல்ட் பாதி அறுந்துதான் வரும். பிரேக் பைப்பும் எரிபொருள் பைப்பும் பழசை வளைத்துப் பொருத்த முடியாமல் உடையும். இவை சேசிஸ் வேலையோடு சேர்ந்ததா, தனி பில்லா என்பதை வண்டியை விடும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். பட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், புஷ் தேய்ந்திருந்தால் அந்தச் சமயத்தில் பாகத்துக்கு மட்டும் காசு கொடுத்து மாற்றிக்கொள்வது லாபம், கழற்றும் கூலி எப்படியும் போய்விட்டது.

எடுக்கும்போது வீல் அலைன்மென்ட் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் பெடல் கடினமாக நிற்கிறதா, பார்க்கிங் பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்கிறதா, பின் விளக்கு ஒயரிங் முழுவதும் வேலை செய்கிறதா, கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பாடி மவுண்ட் போல்ட்களை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். டகோமாவில் சேசிஸ் நம்பர் சேசிஸ் இரும்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும், பழைய இரும்போடு அந்தப் பொறிப்பும் போய்விடும். மாற்றியதற்கான ஜாப் கார்டைப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்காவிட்டால் விற்கும்போது வாங்குகிறவர் விபத்து வண்டி என்றுதான் நினைப்பார். பாடித் தகடு மாற்றிய வண்டிக்கு, புதுத் தகட்டின் மடிப்புக்குள் சீலரும் உள்ளே மெழுகுப் பூச்சும் அடித்தார்களா என்று கேட்டு, அதையும் அதே ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் அதே மடிப்பில் இன்னும் சீக்கிரமாகவே கொப்புளம் வரும்.